அந்தச் செருப்பைக் கழுவாதீர்கள்

என்னங்க, உங்கள் இருமல் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

நேற்று நான் வேலை செய்யும் வீட்டம்மா, தன் மகள் வெயில் காலம் முழுக்கப் போட்டுத் திரிந்த செருப்பைக் கழுவச் சொன்னார். உள்ளே ஐந்து விரலும் குதிகாலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய பிரஷால் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதமே இல்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டி, செருப்புக்கிட்ட ரகசியம் பேசுறியா?" என்று சமையல்கார அக்கா சிரித்தாள்.

"ஆமாக்கா, அதுதான் எதிர்த்துப் பேசாது" என்று சமாளித்தேன்.

நம் குட்டி நம்மை விட்டுப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. கடைசியாக அவள் முகத்தைப் பார்க்கக்கூட என்னை இவர்கள் அனுப்பவில்லை. அவள் செருப்பு வாசலில்தானே கிடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுச் செருப்பையெல்லாம் வாளியில் ஊறப்போடுவீர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதைத் தண்ணீரில் போடாதீர்கள். துணியால்கூடத் துடைக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி என் புடவைகளுக்கு நடுவே வையுங்கள். அவள் விரல் பதிந்த இடத்தில் நான் ஒரு தடவை கை வைக்க வேண்டும்.

வீட்டம்மா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். ஏற்கெனவே கழுவிவிட்டீர்கள் என்றால், அதை மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.