தடைக் கட்டத்துல ஒரு மஞ்சள் சீட்டு

12 நவம்பர், புதன்
விடியும்போதே தூறல். குடைக்கம்பி ஒண்ணு ஒடிஞ்சிருச்சு. சரி பண்ணக் குடுக்கணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஏழே கால் பஸ். ராஜம் அக்கா வழக்கம்போல துண்டு போட்டு எனக்கு எடம் பிடிச்சு வச்சிருந்தா. ராஜபாளையம் வந்து கம்பெனிக்குள்ள நுழைஞ்சதும் மொத வேலை, அவ மெஷின் ஊசியில நூல் கோத்துக் குடுக்கிறது. ரெண்டு மாசமா இதான். அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. நைட்டிக்கு ஜிப் வைக்கிறவளுக்குக் கண்ணு போனா என்ன மிச்சம்?
"யார்ட்டயும் சொல்லிராத ஏட்டி. மெஷினைப் பிடுங்கிருவாக."

சின்ன முதலாளி (இனிமே சி.மு.) கோயம்புத்தூர்ப் பயிற்சி முடிச்சு வந்ததுல இருந்து ஒரே 'அஜைல்'தான், ஐ.டி. கம்பெனிக்காரக வேலையப் பிரிச்சுச் செய்யிற முறையாம். செவுத்துல வெள்ளைப் போர்டு. நாலு கட்டம்: செய்யணும், நடக்குது, தடை, முடிஞ்சது. காலையில பத்து நிமிஷம் எல்லாரும் வட்டமா நிக்கணும். நேத்து என்ன முடிச்சீங்க, இன்னைக்கு என்ன, என்ன தடை? ஒவ்வொரு வேலையையும் சீட்டுல எழுதி ஒட்டுறது சூப்பர்வைசர் நான். ஒரு சீட்டு 'முடிஞ்சது'க்குப் போனா எல்லாரும் கை தட்டணும்.

அக்கா தினமும் ஒரே பதில்: "தடை ஒண்ணுமில்ல சார்."

13, வியாழன்
கட்டிங் முருகன் கத்தி மழுங்கிருச்சுன்னு ஆறு மாசமாப் புலம்புனான். நேத்து வட்டத்துல சொன்னான். இன்னைக்குப் புதுக் கத்தி வந்துருச்சு. கை தட்டு. அட, இதுல விஷயம் இருக்கு போல.
தடையைச் சொன்னா எல்லாரும் சேந்து எடுத்துருவோம்னு சி.மு. சொல்றார்.
வாங்கணும்: பருப்பு, சோப்பு, தைலம்.

15, சனி
ஜிப் டேபிள்ல மலையாக் குவிஞ்சு கெடக்கு. அக்கா வச்ச ஜிப்பு கோணல், பிரிச்சு மறுபடி வச்சா. நாலு தடவ நூல் அறுந்துச்சு, நாலு தடவயும் நான் ஓடினேன்.

பஸ்ஸுல சொன்னேன். "சொல்லிருவோம்க்கா. இலவசக் கண் முகாம்ல ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு மாசத்துல வந்துரலாம்."
"வாரப்ப என் மெஷின்ல யாரு ஒக்காந்திருப்பா?"
ஒடிஞ்ச குடைக்கம்பியைத் திருகிக்கிட்டே வந்தேன்.

17, திங்கள்
மழை. ஒரே சகதி.

வட்டத்துல சி.மு. கேட்டார். "ஜிப்ல மூணு நாளாத் தேங்குது. தடைக் கட்டம் ஏன் காலியா இருக்கு? நீங்கதான சூப்பர்வைசர்?"
எல்லாரும் என்னையப் பாத்தாக. அக்காவும் பாத்தா.
சொல்லிட்டேன்.
"இப்படித்தான் வெளிப்படையா இருக்கணும்"ன்னார். மஞ்சள் சீட்டுல நானே எழுதி ஒட்டினேன்: ஜிப் - ராஜம் - கண்.

அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். பொய். பழி என் தலையில விழுந்துரும்னு பயம். பாதி அதான். பாதிக்கு மேலயே.
சாயங்காலம் பஸ்ஸுல அக்கா தனியா முன்னாடி எடத்துல போய் ஒக்காந்துட்டா. துண்டு மடியில.

18, செவ்வாய்
அக்காவையும் என்னையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாக. ரெண்டு நிமிஷம்கூட இல்ல. "மொதல்ல கண்ணு சரியாகட்டும், பொறவு பாப்போம்." எந்த மெஷின், எப்ப, சி.மு. ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. வாய் எங்க போச்சு எனக்கு?

டிபன் டப்பா, கத்திரி, ஒக்கார வச்சிருந்த மெத்தைத்துணி, எல்லாம் எடுத்துக்கிட்டா. கேட் வரைக்கும் பின்னாடியே போனேன்.
"அக்கா, என்னையத் திட்டவாவது செய்யி."
"நீ நூல் கோத்துத் தந்த, இம்புட்டு நாளு ஓடுச்சு. போ, ஒன்னையத் தேடுவாக."
திட்டியிருக்கலாம்.

19, புதன்
மழை விட்டிருச்சு. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். ஜிப் டேபிள்ல புதுப் பிள்ளை, ஊரு கூமாப்பட்டி. நூல் கோக்கப் போனேன். "நானே கோத்துக்கிடுதேன்க்கா"ன்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள குவியல் காலி.
குடை இன்னும் சரி பண்ணல.

20, வியாழன்
நல்ல வெயில். வட்டம். சி.மு. தடைக் கட்டத்துல இருந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். என் கையெழுத்து. அக்கா பேரு. 'முடிஞ்சது'ல ஒட்டினார்.
எல்லாரும் கை தட்டினாக. நானும் தட்டினேன்.