மொன்டெரேயில் நீங்கள் இருந்த ஒன்பது மாதங்கள்

என் ஆசை அண்ணை,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். லண்டன் சட்டனில் இருக்கும் அச்சகக்காரர் நேற்றும் போன் பண்ணினார். உங்கள் நினைவு மலருக்கான பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் புத்தகம் வராதாம். நான் இன்னும் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

நம் ஆட்களின் நினைவு மலர்களைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? முன்னட்டையில் படம், உள்ளே பிறந்தது, படித்தது, மணமுடித்தது, பிறகு தேவாரம், கடைசிப் பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி. "எல்லா மலரிலையும் செத்தது ஒரே ஆள்தான், படம் மட்டும்தான் வேறை" என்பீர்கள். அப்படிச் சொன்ன நீங்கள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு உங்கள் மகன் ரமணனிடம் சொன்னீர்கள்: "என்ரை மலரிலை தேவாரத்தைக் கொஞ்சம் குறைச்சு, நான் எழுதின சரித்திரத்தைப் போடு. அத்தையிட்டைக் குடு, அவள் பாத்துச் செய்வாள்."

அத்தை பார்த்துச் செய்வாளாம். என்னை அவ்வளவு நம்பியிருக்கிறீர்கள்.

உங்கள் சரித்திரம் யாழ்ப்பாணத்துச் சரித்திரமும் இல்லை, லண்டன் சரித்திரமும் இல்லை. மெக்சிக்கோவின் வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் மொன்டெரே என்ற தொழில் நகரத்தின் சரித்திரம். கையால் எழுதிய ஐந்து கொப்பிகள். மச்சாள் அவற்றை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் தந்தார். "இதுக்குள்ளை உங்கடை கொண்ணர் என்னத்தை எழுதி வைச்சிருக்கிறாரோ தெரியேல்லை. அச்சிலை வந்தால் எங்கடை பிரஜாவுரிமையைப் பறிச்சுப்போடுவாங்களோ?" என்றார்.

உங்கள் மனைவி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதையே நினைத்துப் பயப்படுகிறார். ரமணன் தனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, "ஒண்டும் செய்ய மாட்டினம், அம்மா. செத்த ஆளைத் திருப்பி எங்கை அனுப்புறது?" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பை என் வீட்டுக்கு வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் என் சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொரு கொப்பியாகத் தட்டச்சு செய்தேன்.

அண்ணை, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீங்கள் எனக்குக் காட்டவே இல்லையே. ஸ்பானியர்கள் அந்த இடத்தில் இரண்டு தரம் ஊரை அமைக்கப் பார்த்து, இரண்டு தரமும் கைவிட்டுப் போய், மூன்றாம் தரம்தான் நிலைத்தார்கள் என்று தொடங்குகிறீர்கள். "மூன்றாம் தரமும் மூட்டை முடிச்சோடு வந்தவர்களைப் பைத்தியக்காரர் என்பதா, எங்கள் ஆட்கள் என்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஊருக்கு மேலே நிற்கும், குதிரைச் சேணம் மாதிரி நடுவில் வளைந்த மலை. வருடத்தில் பெரும்பாலும் கல்லும் மணலுமாகக் கிடந்துவிட்டு, வெள்ளம் வந்தால் பாலத்தையும் இழுத்துக்கொண்டு போகும் ஆறு. எல்லாம் கண்ணால் பார்த்தது போல இருக்கிறது.

மூன்றாவது கொப்பிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பியர் ஆலை ஒன்று வருகிறது. பியருக்குப் போத்தில் வேண்டும், வெளியில் இருந்து வருவது வழியில் உடைகிறது, ஆகவே கண்ணாடி ஆலை வருகிறது. போத்திலுக்கு மூடி வேண்டும், அடுக்கி அனுப்பப் பெட்டி வேண்டும், அதற்கும் ஆலைகள். இவற்றோடு ரயில் பாதைக்கும் கட்டடங்களுக்கும் இரும்பு வார்க்கும் பெரிய உருக்காலை. அதைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். "தங்கம் இல்லாத ஊர், தண்ணீரும் இல்லாத ஊர், மனிதர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய ஊரானது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாளிகளைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதி அவர்களை ஒரு பிடி பிடித்ததும் உங்கள் குணம்தான்.

ஆனால் நீங்கள் எங்கே? ஐந்து கொப்பியிலும் தேடினேன். "வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்தான்" என்று இரண்டு இடத்தில் வருகிறது. "ரமோன் என்ற உலைத் தொழிலாளியும் அவன் மனைவி லூப்பேயும் மூன்றாம் தெருவில் அந்த வெளியூர்க்காரனுக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள்" என்று ஓரிடத்தில் வருகிறது. கடைசித் தலைப்பு, "உருக்காலை மூடிய காலை". அதன் கீழே ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் காலையை எனக்கு ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்கா வழியாகக் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் உங்களை அந்த நகரத்தில் விட்டுவிட்டு மறைந்தான். பஸ் நிலையத்தில் பசியோடு நின்ற உங்களை ரமோன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒன்பது மாதம். ஒருநாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போன ரமோனோடு நீங்களும் நடந்து போனீர்கள். ஆலையின் வாசல் பூட்டியிருந்தது. ஆயிரக்கணக்கான மனிதர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரமோன் பெட்டியைத் திறந்து, மனைவி கட்டிக்கொடுத்ததை அங்கேயே நின்று உங்களோடு பகிர்ந்து சாப்பிட்டார்.

அடுத்த மாதம் அதே நகரத்தில் உலகக் கிண்ணக் கால்பந்து. இங்கிலாந்து அணி அங்கேதான் ஆடியது. பிறகு நீங்கள் லண்டனில் என்னிடம் வந்து சேர்ந்து, செவன் கிங்ஸ் பெற்றோல் ஸ்டேஷனில் கவுண்டரில் நின்ற வருடங்களில், வெள்ளைக்காரக் கிழவர்கள் வந்து அந்த ஆட்டங்களைப் பற்றியும் மொன்டெரே வெயிலைப் பற்றியும் கதைப்பார்களாம். நீங்கள் மீதிக் காசைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பீர்களாம். நான் அங்கே இருந்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

உங்கள் அகதி வழக்குக்காகப் போன வழக்கறிஞரின் அறை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் லண்டன் வந்து இறங்கிய இரண்டாம் கிழமை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான்தான் மொழிபெயர்க்க வந்தேன். எந்த வழியாக வந்தீர்கள் என்று அவர் கேட்டபோது நீங்கள் மெக்சிக்கோவில் தொடங்கினீர்கள். நான் தமிழில், முகத்தில் சிரிப்போடு, "வாயைத் திறக்காதையுங்கோ அண்ணை. அங்கை ஒன்பது மாதம் பத்திரமா இருந்தனீங்கள் எண்டு தெரிஞ்சால் அங்கையே போ எண்டு அனுப்பிப்போடுவாங்கள். கொழும்பிலை இருந்து நேரை வந்தனீங்கள், விளங்குதோ?" என்றேன். "அப்ப லூப்பே அம்மா தந்த சோத்தை நான் தின்னேல்லை எண்டோ சொல்லுறது?" என்று கேட்டீர்கள். நான் வழக்கறிஞரைப் பார்த்து, கொழும்பு என்றேன்.

அந்தக் காலத்தில் நம் சனம் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை, அதனால்தான் நீங்கள் இங்கே இருந்தீர்கள், ரமணன் பிறந்தான். நான் சொல்ல வந்தது வேறு. உங்களுக்கே தெரியாதது.

இங்கே வந்ததும் லூப்பே அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். ஸ்பானிஷில், இரண்டு பக்கம். நான் வேலைக்குப் போகிற வழியில் தபால் கந்தோர் என்று என்னிடம் தந்தீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டையும் நான் போடவில்லை, அண்ணை. மெக்சிக்கோ முத்திரையோடு பதில் வந்து, யாராவது கண்டு, வழக்குக் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். ரயில் நிலையக் குப்பைத்தொட்டியில் கிழித்துப் போட்டேன். எனக்கு அந்த மொழி தெரியாது. என்ன எழுதியிருந்தீர்கள் என்று இன்று வரை தெரியாது.

பதில் வராதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "பாவம், வேலை போன வீடு. எனக்குக் கடிதம் எழுத அவைக்கு எங்கை நேரம்" என்றீர்கள். வழக்கு வென்ற பிறகாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் சொல்ல நினைத்து, ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் வெட்கம் கூடி, கடைசியில் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. என் மேல் எனக்கு வருகிற கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது செய்தியைக் கேளுங்கள்.

ரமோனையும் மூன்றாம் தெருவையும் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை ரமணன் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மாற்றி, அந்த உருக்காலைத் தொழிலாளர் குடும்பங்களின் பேஸ்புக் குழு ஒன்றில் போட்டான். மூன்றாம் நாள் மார்த்தா என்ற பெண்ணிடம் இருந்து பதில் வந்தது. ரமோனின் மகள். நீங்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த குழந்தை, இப்போது கார் உதிரிப்பாக ஆலையில் எஞ்சினியர். ஆலை இருந்த இடம் இன்று பெரிய பூங்காவாம். உலையை மட்டும் இடிக்காமல் வைத்து, லிஃப்டில் மேலே கூட்டிப்போய் ஊரைக் காட்டுகிறார்களாம்.

போன நவம்பரில் எடுத்த ஒரு படமும் அனுப்பினாள். லூப்பே அம்மாவுடையது மெக்சிக்கோவின் தெற்கில் இருந்து அந்த நகரத்துக்கு வேலை தேடி வந்த குடும்பம். அங்கே நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களுக்கு வீட்டில் மேசை வைத்து, மஞ்சள் பூப் போட்டு, அவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைப்பார்கள். நம் படையல் மாதிரித்தான். அந்த மேசையில், செத்துப்போன ரமோனின் படம். பக்கத்தில், தலை நிறைய முடியோடு, நீங்கள். முன்னால் ஒரு தட்டில் சோறும் இரண்டு பச்சை மிளகாயும்.

போய் இறங்கியதும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை எழுதவில்லை என்றால் வழியில் செத்துப்போயிருக்க வேண்டும் என்று அந்த அம்மா இரண்டு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்தாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் உங்களுக்குப் படைத்திருக்கிறார். நீங்கள் இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, ரமணனைக் கால்பந்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டு, நல்ல சுகமாக இருந்த வருடங்கள் எல்லாவற்றிலும்.

அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்தோம். லூப்பே அம்மாவுக்கு எண்பது வயது. மார்த்தா ஆங்கிலத்தில் கேட்டு அவருக்குச் சொன்னாள். நீங்கள் போன மாதம் வரை உயிரோடு இருந்தீர்கள் என்று கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேள்வி மேல் கேள்வி. கல்யாணம் செய்தானா? எத்தனை பிள்ளை? சாகும்போது பக்கத்தில் ஆள் இருந்ததா? ரமணனைக் கமராவுக்கு முன்னால் இழுத்துவிட்டேன். அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார், மூக்கு உங்கள் மூக்காம்.

கடைசியில் ஒன்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஏன் எனக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை?"

முழு உண்மையும் என் வாயில் இருந்தது, அண்ணை. மச்சாள் பக்கத்தில் இருந்தார், ரமணன் இருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் முகவரியைத் தொலைத்துவிட்டார்" என்றேன். இந்த வயதில், நீங்கள் செத்த வீட்டில் இருந்துகொண்டு, திரும்பவும் ஒரு பொய். அதுவும் பழியை உங்கள் தலையிலேயே போட்டு. அந்த அம்மா தலையை ஆட்டி, "அவன் எதையும் தொலைக்கிற ஆள்தான்" என்று உங்களை மன்னித்துவிட்டார். நீங்கள் செய்யாத குற்றத்துக்கு.

இரண்டு நாள் பொறுத்தேன். இன்று காலை ரமணனையும் மச்சாளையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டு எனக்கு முன்னால் வைத்தார். "அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ரமணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நாளைக்குக் கடைசி அத்தியாயத்தை எழுதிவிடுவேன். நீங்கள் எனக்குச் சொன்னபடி, பூட்டிய வாசலும் ரமோனின் சாப்பாட்டுப் பெட்டியும். வெளியூர்க்காரன் என்ற சொல் வருகிற இடமெல்லாம் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். கடைசியில், உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் என்ன நடந்தது என்று என் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை வாசிக்கட்டும்.

அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை நான் மொன்டெரே போகிறேன். எண்பது வயது அம்மாவை நவம்பர் வரை காக்க வைக்க முடியாது. அவருக்கு முன்னால் இருந்து, "அவர் எழுதினார். இரண்டு தரம் எழுதினார். நான்தான் கிழித்துப் போட்டேன்" என்று சொல்வேன். மார்த்தா தாய்க்காக மனமிரங்கி எதையாவது குறைத்துச் சொல்லப் பார்த்தால், ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொல்வேன். சத்தியம், அண்ணை.

உங்கள் கடிதங்களைத் தபாலில் போடாத தங்கச்சி,
வசந்தி