ஒன்றரை மணி நேரம்

வடக்குத் தெரு, பாபநாசம்.
பிப்ரவரி 20

அன்புத் தம்பி கிளமென்ட்டுக்கு அக்கா ஃபிளோரா எழுதுவது. நீ நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இரண்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. காதர் மைதீன் அண்ணன் நாளை சார்ஜா திரும்புகிறார். இந்தக் கடிதத்தை அவர் நீட்டினால் வாங்காமலா இருப்பாய்?

கீழ வயல் அறுவடை முடிந்தது. உளுந்து பச்சை கட்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுப் போட்டாயிற்று என்கிறாள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று உன் விமானம் தாமதமாகவில்லை. தப்பு என்னுடையது.

பதினொரு மணிக்கு ஏறுகிறேன் என்று நீ சொன்னதும் போனில் தேடிப் பார்த்தேன். சார்ஜாவிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று வந்தது. மூன்றுக்கு இறங்குவாய், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம், ஐந்துக்கு வந்துவிடுவாய் என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அங்கே பதினொன்று என்றால் இங்கே பன்னிரண்டரை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஐந்தரை வரை வாசலைப் பார்த்தோம். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். விமானம் லேட்டாக இருக்கும், தூக்குங்கள் என்று சொன்னதும் நான்தான். டிரைவர் போனிலிருந்து நீ கூப்பிட்டபோது என் போன் பீரோவுக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது.

ஏழு மணிக்கு வந்து கல்லறை மண்ணில் உட்கார்ந்துகொண்டு, "மூஞ்சியையாவது பாக்க விட்டிருக்கலாமேக்கா" என்றாய். அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

கூடத்தில் உன் ஊர் நேரத்துக்கு அப்பா தனியாக ஒரு கடிகாரம் மாட்டியிருந்தாரே, நாம் எவ்வளவு கிண்டல் செய்திருப்போம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பார்த்துவிட்டு, "பய இன்னும் சாப்ட்டிருக்க மாட்டான்" என்பார். இந்த வீட்டில் உன் நேரம் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டிக்கு நேர் மேலே அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீ திரும்பிப் போன பிறகு, மேசையில் கிடந்த உன் டிக்கெட்டில் இறங்கும் நேரம் நாலரை என்று பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போட நேரத்துக்கு வரவில்லை என்று ஊர் உன்னைப் பேசியது. அம்மாவும் நம்பினாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கூடத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "புள்ளைய வரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முன்னால் கல்லறை கட்டுகிறோம். சிலுவை நடுவதற்கு முன் முதல் பிடி மண் நீதான் போட வேண்டும், அதுவரை கொத்தனாரைத் தொட விடமாட்டேன். என்னோடு பேச வேண்டாம், அம்மாவுக்காக வா. இறங்கும் நேரத்தை அவளுக்கு எழுதினால் போதும். நான் எந்தக் கணக்கும் போடமாட்டேன். அன்றைக்கு விடிந்ததிலிருந்து திருச்சி விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

பூண்டி மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
ஃபிளோரா