1968இல் வாய் மூடிய செய்மதி

லா சப்பல், பாரிஸ்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுபாங்கிக்கு,

நான் சுகம். நீர் கோபமாக இருப்பீர். ஏழு மாதம் பதில் போடாதவன் சுகம் விசாரிக்கிறதும் அழகில்லை, விடும். போனில் கதைத்தால் பாதியில் வெட்டிவிடுவேன், அதனால்தான் கடிதம். வியாழக்கிழமை ஊருக்கு வருகிற கமலராணி அக்கா கொண்டுவந்து தருவா.

முதலில் ஒரு மன்னிப்பு. போன கிழமை, திருத்திய போன் ஒன்றைக் கொடுக்க சென் தெனி பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே விண்வெளிக்கு அனுப்பிய பழைய செய்மதிகளின் கண்காட்சி. நடுவில் எங்களுடைய எப்ஆர்-1இன் மாதிரி! மேல்வளிமண்டலத்துக்குள்ளால் வானொலி அலை எப்படிப் போகிறது என்று பார்க்க, 1965இல் பிரெஞ்சுக்காரர் அனுப்பியது. கீழே எழுதியிருந்தது: 1968 ஓகஸ்டோடு சமிக்ஞை நின்றுவிட்டது. அங்கே படிப்பிக்கிற, போனின் சொந்தக்காரி லெத்திசியாவிடம் உண்மையோ என்று மூன்று தரம் கேட்டேன். இப்பவும் சுற்றுகிறதுதான், ஆனால் ஊமை என்றா.

நாங்கள் பிறக்கக் கிட்டத்தட்ட முப்பது வருடம் முந்தியே ஊமை, சுபாங்கி. அதைக் கேட்கத்தான் ஊரில் எங்கள் பல்கலைக்கழகப் பௌதிகத்துறை மொட்டைமாடியில், உடுப்புக் காயப்போடுகிற அலுமினியக் கம்பியில் அன்ரெனா கட்டி, இரண்டு மாதம் வெயிலில் நின்றோம். நூலகத்து 1967ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அது அலை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று இருந்தது. இணையத்திலும் ஒருக்கால் பார்ப்போம் என்று நீர் சொன்னீர். அச்சில் இருக்கிறதை ஏன் பார்க்கவேணும் என்று நான்தான் எரிந்து விழுந்தேன். பிறகு உம்முடைய ஈயப்பற்று சரியில்லை என்றும் ஏசினேன். மூன்று தரம் கழற்றிப் பற்றவைத்தீர். கொப்பியில் ஒவ்வொரு நாளும் "சத்தம் இல்லை" என்று அழகான எழுத்தில் எழுதினீர்.

நீர் அன்றைக்கே இணையத்தில் பார்த்திருப்பீர். பார்க்காமல் விடுகிற ஆள் நீரில்லை. தெரிந்துகொண்டும் இரண்டு மாதம் படியேறி வந்தீர். திரும்பிவருகிற ரயிலில் இது உறைத்தது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

இனி, நான் சொல்லாமல் விட்டது. உங்கள் அப்பாவிடம் எஞ்சினியர் வேலை என்று சொன்னது பொய். போன் திரை மாற்றுகிறேன். மேலாலே மெட்ரோ போனால் மேசையில் திருகாணி எல்லாம் ஆடுகிற கடை. அகதி வழக்கு மாசியில் இரண்டாம் தரமும் தள்ளுபடி. அதோடுதான் உமக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

கனடா மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா திங்கட்கிழமை வாக்குக் கொடுக்கப்போகிறார், என்ன செய்ய என்று கேட்டிருந்தீர். வருடக்கணக்கில் காத்திரும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மாப்பிள்ளை நல்ல பெடியன் என்றும் கேள்விப்பட்டேன், அதுவும் எரிச்சல்தான்.

ஞாயிறு காலை, உங்கள் நேரம் பத்து மணிக்கு, அப்பாவுக்கு நானே போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ஏசுவார், ஏசட்டும். அம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லும், அப்பாவுக்குப் பிரஷர் இருக்கு. அதுக்குப் பிறகு நீர் எந்தப் பக்கம் போனாலும் நல்லாயிருக்க வேணும், அதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஞாயிறு பத்து மணி வரைக்கும் ஒருத்தருக்கும் ஓம் என்று சொல்லிவிடாதையும்.

இப்போதைக்கு உம்முடைய,
லவன்