நடு வயலில் பறித்த இலை

அக்டோபர் 27
எழுமலைப் பக்கமிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பருத்தி இலைகளில் இன்றும் ஒரே கோடு. தடை செய்த மரபணு மாற்று விதையென்றால் சோதனைப் பட்டையில் இன்னொரு கோடு விழவேண்டும். எல்லா வயலும் சுத்தமாம்! கையெழுத்துப் போட்டேன். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? களைக்கொல்லிக்கும் வாடாத பருத்தி ஊர் முழுக்க நிற்கிறது என்று அங்கே விவசாயம் பார்க்கும் என் அண்ணனே பெருமையடிக்கிறான்.

நவம்பர் 2
அண்ணன் வயலுக்குப் போனேன். சுற்றிலும் நாலு வரி மட்டும் வேறு பருத்தி.

"அது கடையில பில்லு போட்டு வாங்குன விதை சத்யா. உங்க ஆபீஸ்காரய்ங்க ஓரத்துல நின்னுதான இலை பறிக்கிறாய்ங்க," என்று சிரித்தான். "களையெடுக்க ஆளு எங்க இருக்கு? மருந்தடிச்சா புல்லு கருகுது, பருத்தி நிக்குது. இதுல என்ன தப்பு?"

கெடுதலா என்றால் எனக்குத் தெரியாது. முழுசாகச் சோதித்து அனுமதி தரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

"நடுவுல ரெண்டு இலை பறிச்சுக்கவா?"

"உனக்கில்லாததா!"

எதற்கென்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 3
இரண்டு கோடு.

நவம்பர் 5
நிலைகொள்ளவில்லை. எல்லா வயலிலும் நடுவில் எடுக்கவேண்டும் என்று காட்ட இது ஒன்றுதானே ஆதாரம்? வயல் விவரம் இல்லாமல் வாங்கமாட்டார்கள். அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரே மாட்டினால் ஒருத்தரை மட்டும் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள் — அப்படித்தானே?

நவம்பர் 12
மேலதிகாரி பாண்டியராஜன் கூப்பிட்டார். "அம்புட்டு வயல்லயும் மறுபடி எடுத்தா, தேர்தல் நேரத்துல ஊரே ரோட்டுல உக்காந்துரும்மா. மேலருந்து வேணாங்கிறாங்க. ஆனா ஒண்ணாச்சும் பிடிச்சோம்னு காட்டணும்ல? அதான் கையில இருக்கே."

"சார், மத்ததெல்லாம் ஓரத்துல எடுத்தது!"

"சுத்தம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானம்மா."

என்ன காரியம் செய்து தொலைத்தேன்!

நவம்பர் 18
டிராக்டர் விட்டு உழுதுவிட்டார்கள். அண்ணன் வயலை மட்டும். அண்ணன் பேசவில்லை, அண்ணிதான் போன் செய்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "எதுக்கு இலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். ஏன்டி சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

டிசம்பர் 9
எல்லா வயலிலும் மறுசோதனை கேட்டு என் மூன்றாவது மனு. பதில் இல்லை.

ஜனவரி 15
பொங்கல். பக்கத்து வயல்களில் பருத்தி நன்றாக வெடித்திருக்கிறதாம். கல்யாணமானதிலிருந்து அண்ணன் சீர் கொண்டுவராத பொங்கல் இல்லை. அந்த நினைப்பில் நேற்று வரை பானைகூட வாங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு இவர்தான் காளவாசல் கடைத்தெருவுக்குப் போய்ப் பானையும் கரும்பும் வாங்கி வந்தார்.