வேட்டைப்பல்லின் கதவு

மாதா துணை

பேசாலை,
16.02.2025

என் அன்புத் தங்கச்சி றொஷேலுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஜெர்மனியில் பனி இன்னும் விடவில்லை என்று செய்தியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே வாடை ஓய்ந்து கடல் அடங்கிவிட்டது. முன்பள்ளியில் இந்த வருடம் பத்தொன்பது பிள்ளைகள். அதில் ஒன்று, ரீச்சர், நீங்கள் றோபோவோ என்று என் வாய்க்குள் இருக்கும் கம்பியை எட்டிப் பார்த்துக் கேட்டது. ஓம் என்று சொல்லிவைத்தேன். இப்போது எல்லாம் சொல்வழி கேட்கின்றன.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். நீ போனை வைத்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். நான் எடுத்தால் நீ கதைப்பாய், அது தெரியும். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் திரும்பவும் எல்லாம் நல்லாய் இருக்கு என்றுதான் சொல்லிப்போடுவேன். என் வாய் அப்படிப் பழகிவிட்டது. எழுதினால் அவ்வளவு இலேசாகப் பொய் வராது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்னதை மறக்கவில்லை. பல்லுக்கம்பி செய்யும் உங்கள் கொம்பனிக் கூட்டத்தில், என்ர அக்காவும் இதைத்தான் பல்லில போட்டிருக்கிறா, ஒரு கரைச்சலும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாய். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்து டொக்டரின் முறைப்பாடு வந்திருக்கிறது. மன்னாரில் இருந்து வரும் நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு மேல்வரிசை இடது வேட்டைப்பல்லில் கதவு நாலு தரம் தானாகத் திறந்தது, கீழ்வரிசையில் ஒன்று திறக்கவே இல்லை என்று. பெயர் இல்லாவிட்டாலும் உனக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. அக்கா, எனக்கு நோகக்கூடாது என்டு நீங்கள் சொல்லுற பொய், நான் காணாத ஆக்களின்ர வாயைக் கிழிக்கும் என்றாய். பிறகு அழுதாய். பிறகு போன் நின்றுவிட்டது.

அதனால் முதலில் இருந்து உள்ளதை எழுதுகிறேன்.

மற்றவர்களுக்குக் கம்பியைப் பிடிக்கப் பல்லுக்குப் பல்லு றப்பர் வளையம் போடுவார்கள். உன்னுடையதில் பல்லில் ஒட்டும் ஒவ்வொரு துண்டிலும் நகக்கண் அளவில் ஒரு இழுகதவு இருக்கிறது, கம்பியை வைத்து மூடினால் அதுவே பிடித்துக்கொள்ளும், பத்துக் கிழமைக்கு ஒருக்கால் போனால் போதும் என்று நீ விளங்கப்படுத்தினாய். அந்தக் கதவை நீ வரைந்தாய் என்பதால்தான் இந்த வயதில் கம்பி போடச் சம்மதித்தேன். முதல் ஆறு மாதம் உண்மையிலேயே சுகமாக இருந்தது. அது பொய்யில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு நுஸ்ரியா தொதல் தந்தா. ஒட்டுகிற சாமான் சாப்பிடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தவ. ஒரு துண்டுதானே என்று வாயில் போட்டேன். மென்று இழுக்கும்போது வேட்டைப்பல்லின் கதவு கீழே இறங்கிவிட்டது. அதன் விளிம்பு சொண்டின் உள்பக்கத்தைக் கீறிவிட்டது. டொக்டர் தந்த மெழுகை வைத்து மூடினேன். அது முடிந்ததும், கோவிலில் இருந்து கொண்டுவந்த மெழுகுதிரியில் கிள்ளி வைத்தேன். சிரிக்காதே. பொருந்தவும் இல்லை. மூன்று நாள் கஞ்சிதான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ எடுத்து, எப்படி அக்கா என்ர கதவெல்லாம் என்று கேட்டாய். உன் குரலில் இருந்த சந்தோசத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? எல்லாம் நல்லாய் இருக்கு என்றேன்.

என் பிழைதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிறகு தொதலும் இல்லை, பல்லுடைக்கும் புழுக்கொடியலும் இல்லை, வெறும் சோறு தின்றபோதே இன்னும் மூன்று தரம் திறந்தது. உனக்குச் சொல்லாமல் நாலு தரம் யாழ்ப்பாணம் போய் வந்தேன்.

நீ போனை வைத்த பிறகு ஒரு வேலை செய்தேன். பத்து நாள் விடியப் பல் விளக்கும்போது கண்ணாடியை யன்னலோரம் பிடித்து, உன்னுடைய பழைய முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தேன். முரசுத் தசையில் இருந்து கீழ்நோக்கி விளக்க வேண்டும் என்று டொக்டர் பழக்கினவ. அந்தக் கதவு திறப்பதும் கீழ்நோக்கித்தான். ஒவ்வொரு இழுவைக்கும் பிரஷ் அதை ஒரு மயிரளவு கீழே இறக்குகிறது. உடனே திறக்காது. அந்த இடைவெளிக்குள் சாப்பாடு போகிறது, பிறகு எப்போதாவது கதவு முழுதாக விழுகிறது. வேட்டைப்பல் வளைந்து முன்னுக்கு நிற்பதால் அங்கேதான் பிரஷ் அழுத்திப் படுகிறது. மற்றப் பற்களில் இப்படி நடக்கவில்லை. பத்து நாளில் எட்டு நாள் கண்ணால் கண்டேன். உன் வேலை எனக்குத் தெரியாது. கண்டதை எழுதுகிறேன். உன் கந்தோரில் யாருக்கும் என் பெயரைச் சொல்லியே காட்டு.

கீழ்வரிசைத் துண்டை உன் பழைய தோட்டுப் பெட்டிக்குள் வைத்து இதோடு அனுப்புகிறேன். கார்த்திகை மாதம் டொக்டர் அதைத் திறக்கப் பார்த்தா. கதவின் பின்னால் பற்காரை படிந்து கல்லாய் இறுகிவிட்டது. ஆயுதத்தை வைத்து நெம்ப, துண்டு முழுவதும் பல்லில் இருந்து கழன்று வந்துவிட்டது. காரையோடேயே இருக்கிறது, கழுவவில்லை. இப்போது புதிதாக ஒன்று ஒட்டி, போன கிழமை வேட்டைப்பல்லை மெல்லிய கம்பியால் கட்டிவிட்டிருக்கிறா. பல்லு நேராகி வருகிறது, இன்னும் ஆறு மாதம் என்கிறா. அதுவும் உண்மைதான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நீ கேட்டது பல்லைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா செத்த வீட்டில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அப்பா என்னைக் கேக்கேல்லையா அக்கா என்று. பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னவர் என்றேன். ஆறு வருடம் நீ அதை நம்பியிருக்கிறாய். எனக்கும் சொல்லிச் சொல்லி அரைவாசி உண்மை போலாகிவிட்டது.

அப்பா நீ வருவதற்கு இரண்டு மாதம் முந்தியே படுக்கையில் விழுந்துவிட்டார். நீ மொறட்டுவையில் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தாய். ஞாயிறு தோறும் எடுத்து அப்பா எங்கே என்பாய். கடலுக்குப் போயிட்டார் என்பேன். அவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் போனை வைத்த பிறகு, பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லு, முகத்தைப் பாத்திட்டு அனுப்பிவிடுவம் என்றார். சோதனை முடியட்டும் அப்பா என்றேன். பிறகும் இரண்டு தரம் கேட்டார். கடைசித் தரம் கெஞ்சிக் கேட்டார், றொஷேல். நான் சொல்லவில்லை. நீ வந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூன்று நாள் உன் கையைப் பிடித்தபடி கிடந்தார்.

சோதனையை விட்டுவிட்டு வந்தால் நீ திரும்பிப் போகமாட்டாய் என்று பயந்தேன். அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. உன்னை வளர்த்தது நான், எது நல்லதென்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்காமல், நீ எதைத் தாங்குவாய் எதைத் தாங்கமாட்டாய் என்று நானே முடிவெடுத்தேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கவில்லை. போன கிழமை சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் அப்பாவிடமும் இதைச் சொன்னேன். அவரிடம் சொல்வது இலேசாக இருந்தது. உனக்கு எழுத இந்த ஒரு பக்கத்தை நாலு தரம் கிழித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீழ்ப்பல்லுத் துண்டு கழன்ற அன்று பூநகரி வழி பஸ்ஸில் திரும்பி வந்தேன். முரசில் இரத்தம் நிற்கவில்லை. பக்கத்து இருக்கையில் அடம்பன் கால்நடை வைத்தியக் கந்தோரில் வேலை செய்யும் ஒருவர். மாடுகளுக்குப் போடும் தடுப்பூசி எடுக்க மாதத்துக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் வருகிறவர், முந்தியும் பஸ்ஸில் கண்டிருக்கிறேன். பெயர் எட்வேட். உயிலங்குளத்து ஆள், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மனைவி காலமாகி எட்டு வருடம், பிள்ளைகள் இல்லை. ஊசிப் பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டி எடுத்துத் தன் லேஞ்சியில் சுற்றித் தந்து, சரியா நோகுதோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓம், சரியா நோகுது என்று வந்துவிட்டது. வந்ததோடு அழுகையும் வந்துவிட்டது, பஸ் நிறையச் சனம். அடம்பனில் இறங்க வேண்டியவர், மன்னார் வரைக்கும் வந்து என்னைப் பேசாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

தை மாதம் வீட்டுக்கு வந்து கேட்டார். என்ர தங்கச்சியைக் கேக்காமல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். எவ்வளவு காலமெண்டாலும் கேட்டுச் சொல்லுங்கோ என்று எழும்பிப் போனார். நீ என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட நினைத்துப் பத்திரம் எல்லாம் சேர்க்கிறாய் என்று தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அங்கே வர விருப்பமில்லை, றொஷேல். எனக்கு இவரைக் கட்ட விருப்பம். இதுவும் உண்மை.

தபசுகாலம் முடிந்து உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வைகாசியில் செய்யலாம் என்று பங்குச் சுவாமி சொல்கிறார். கோவிலில் எங்கள் பெயரை மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தலில் வாசிக்க வேண்டும். நீ ஓம் என்று சொல்லாமல் ஒரு ஞாயிறும் வாசிக்க விடமாட்டேன்.

உனக்கு என்மேல் கோபம் இருக்கும். அப்பாவின் விசயத்தில் அது ஆறாமலும் போகலாம். ஆற்று என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே வா. வந்து வீட்டு வாசலில் நின்று, ஊர் கேட்க என்னை ஏசு. பிறகு எனக்குச் சீலை உடுத்திவிடு. அதைச் செய்ய எனக்கு வேறு ஆள் இல்லை.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளை.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா அன்ரோனெற்