கிராணி எழுதிய வயது

3 ஆகஸ்ட் 1984
இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு என்னையே மன்னித்துக்கொள்கிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

விண்ணப்பம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. முதுமையை ஆராய இளம் மருத்துவர் ஒருவருக்கு மூன்று ஆண்டுச் சம்பளம். கிடைத்தால் பினாங்கிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஜனவரியில் கடல் கடந்து சபாவுக்கு மாற்றல் – ஒன்பது மாதக் குழந்தையோடு. இவருக்கோ இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை.

என் முதற்கட்ட ஆய்வைத்தான் நம்பியிருக்கிறேன். அறுபது முதியவர்கள், பத்துக் கேள்விகள். இருபத்திரண்டு பேருக்கு நினைவுக் குறைவு. "இந்த நம்பர் போதும்லா, கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்றார் என் மேலதிகாரி டாக்டர் விஸ்வலிங்கம்.

9 ஆகஸ்ட்
பாப்பாவுக்குச் சளி. தபால் எதுவும் இல்லை.

14 ஆகஸ்ட்
புஷ்பவள்ளி அம்மா கிளினிக்குக்கு வந்தார். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர். ஆய்வின்போது பிறந்த ஆண்டு 1910 என்றார், அடையாள அட்டையான ஐசியில் 1918. தவறு என்று குறித்திருந்தேன். ஒரே மதிப்பெண்ணில் தோற்றார்.

இன்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் கப்பல்ல பொறந்தவ. வருசம் போட்ட கப்பல் சீட்டு இன்னும் பொட்டியில இருக்கு. ஐசி போடறப்ப கிராணி என் பல்லப் பாத்து வயச எழுதுனான், மாடு வாங்கற மாதிரி. எனக்கா மறதி?"

17 ஆகஸ்ட்
அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். அப்படியா நடந்தது என்று கேட்டேன்.

"ஐசி போட வந்த வரிசை ஆபீஸ் கேட்டு வரைக்கும் நின்னுச்சும்மா. பொறப்புப் பத்திரம் யாருகிட்ட இருந்துச்சு? நரைச்சிருந்தா அம்பது, பல்லு நல்லா இருந்தா முப்பது."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடைத்தாள்களை மறுபடி எண்ணினேன். அந்த ஒரு கேள்வியால் மட்டும் தோற்றவர்கள் பதின்மூன்று பேர். மீதி ஒன்பதுதான்!

"யாருக்குத் தெரியப்போவுது? பாப்பாவ நெனச்சுப் பாரு" என்கிறார் இவர். நினைக்காமலா? ஆனால் எனக்குத் தெரிஞ்சுபோச்சே. பதின்மூணு பேருக்கு மறதின்னு எழுதி வச்சிருக்கேனே, நான் என்ன செய்ய?

20 ஆகஸ்ட்
கோலாலம்பூருக்கு எழுதிய திருத்தக் கடிதத்தை டாக்டர் விஸ்வலிங்கத்திடம் காட்டினேன். "சரியான அவசரக்குடுக்கைம்மா நீ." எண்களை ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "நானுந்தானே பாத்து சரின்னேன்" என்று எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அனுப்பிவிட்டேன்.

15 அக்டோபர்
நிதி வேறொருவருக்கு. கடிதத்தின் அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: கேள்விகளை மாற்றி அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.

பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அழுதேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

2 நவம்பர்
சபாவில், சண்டாக்கான் மருத்துவமனையின் மூத்த மருத்துவருக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பகுதி, நகலாக இருக்கட்டும்:

"பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே நம்பகமான ஆள் கிடைப்பாரா? பிறந்த ஆண்டு எந்தத் தாளிலும் சரியாக இல்லாத முதியவர்கள் உங்கள் வார்டில் எத்தனை பேர்? இரண்டும் தெரிந்தால் குழந்தைக்கும் அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கும் இப்போதே ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுவேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."